கட்டில் விளிம்பில் ஒண்ணேகால் மணி நேரம்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு தமயந்தி வாங்கிக் கொடுத்தது. தினமும் சர்க்கரை எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், காலில் என்ன மாற்றம் என்று என் கையாலேயே எழுத வேண்டுமாம். டாக்டரம்மா உத்தரவு. "உள்ளத உள்ளபடி எழுதுங்க மாமா. கத எழுதிப்போடாதீங்க" என்று சொல்லித்தான் பேனாவைக் கொடுத்தாள். என் அக்கா மகள். அக்கா போன பிறகு எனக்கென்று இருப்பவள் இவள் ஒருத்திதான். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் புருசனையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, கோயமுத்தூரில் இந்த ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்கிறாள்.

எழுதுவது யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சங்ககிரி அத்தியப்பன். வயது ஐம்பத்தெட்டு, பார்த்தால் நாற்பத்தைந்துக்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். படித்தது எட்டாவது. ஆனால் முப்பத்துநாலு வருஷம் லாரி ஓட்டிப் பதினெட்டு மாநிலத்து மைல்கல்லைப் படித்தவன். எட்டு பாஷையில் வழி கேட்பேன், பன்னிரண்டு பாஷையில் திட்டுவேன். போன மாதம்கூட, கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டோல்கேட்டில், பிரேக் பிடிக்காத பதினாறு டன் வண்டியை ஒரே ஒரு பிளாஸ்டிக் டிரம் நசுங்கியதோடு நிறுத்தியவன். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் காலில் விழ வந்தார். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன்.

கால் விஷயத்துக்கு வருகிறேன். வலது குதிகால். அக்கினி வெயிலில் நாக்பூர் லோடு. எங்கள் வண்டிகளில் கேபினுக்குள் செருப்பு ஏறாது. சாமி படம் இருக்கிற இடம், சோறு போடுகிற இடம். ஏறும்போதே கழற்றிக் கதவோரம் செருகிவிட்டு வெறுங்காலில்தான் ஆக்ஸிலேட்டரை மிதிப்போம். கீழே விரித்திருந்த கனத்த பாய் கிழிந்து, இன்ஜின் சூட்டில் இரும்புத் தகடு காய்ந்திருக்கிறது. நாக்பூர் போய்ச் சேரும் வரைக்கும் என் குதிகால் அதன்மேல் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு சூடா என்று விட்டுவிட்டேன். ஊருக்கு வந்து ஆறாவது நாள் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது தமயந்திதான், "மாமா, இதென்னங்க குதிகால்ல ஓட்டை!" என்று கத்தினாள்.

முதலில் போன இடத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார்கள். இடது கால் என்றால்கூட யோசித்திருப்பேன், கிளட்ச்தானே. வலது காலை எடுத்தால் அத்தியப்பன் எதற்கு? இங்கே காப்பாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள்.

சர்க்கரை: 110.

ஜூன் 10, செவ்வாய்

நோட்டைப் புரட்டிப் பார்த்த நர்ஸ் ஜெசிந்தா, "ஐயா, நூத்திப் பத்துன்னு யாரு சொன்னா? சார்ட்டுல எறநூத்தி எண்பத்தேழு இருக்கு" என்றாள். நாகர்கோவில் பெண். முகத்தில் சிரிப்பே கிடையாது. மிஷின் கோளாறாக இருக்கும் என்றேன். மறுபடி குத்தினாள். 291. மிஷின் கோளாறு முற்றிவிட்டது போல.

பக்கத்துக் கட்டிலில் வையாபுரி என்று ஒருவர், பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். அவருக்கு இடது காலில் விரல்கள் கறுத்துவிட்டன. நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

மத்தியானம் டாக்டர் அருள்மொழி வந்தார். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். ஆனால் ஆபரேஷன் செய்யப்போவது இந்த அம்மாதான். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து, "கண்ண மூடிக்கங்க. பாதத்துல தொடறது தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க" என்றார். பத்து இடம். பத்துக்கும் ஆமா சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டு போனார்.

"ஏனுங்க டிரைவரே, அந்தம்மா தொடாதப்பவும் ரெண்டு வாட்டி ஆமான்னீங்களே?" என்றார் வையாபுரி.

"தொடப் போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுதுங்க. முப்பது வருசமா ரோட்டுல முன்கூட்டியே பாத்துப் பழகுன காலு."

"கண்ணுந்தான் லேசாத் தொறந்திருந்துச்சு" என்றார். தமயந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 11, புதன்

இன்று எல்லாம் விளக்கினார்கள். ஃபிளாப் என்று பெயர். இடது தொடையிலிருந்து தோலும் சதையும், அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயோடு சேர்த்து ஒரே துண்டாக எடுப்பார்கள். அதைக் குதிகால் குழியில் வைத்து, அங்கே ஓடும் ரத்தக் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைப்பார்கள். முடியைவிட மெல்லிய நூல். ஏழு மணி நேரம் ஆகுமாம்.

"தேஞ்ச டயருக்கு மேல புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் பண்ற மாதிரிங்க" என்றேன்.

டாக்டர் சிரித்தார். "ரீட்ரெட் ரப்பருக்கு உயிர் கிடையாதுங்க. இதுக்கு இருக்கு. உள்ள போற ரத்தம் திரும்பி வெளிய வரணும். வரலன்னா தேங்கி நீலமாயிரும், செத்துரும்."

"செத்துப் போச்சுன்னா?" என்று தமயந்தி கேட்டாள்.

"சீக்கிரம் பாத்துட்டா திறந்து சரிபண்ணப் பாப்போம். முடியலன்னா கால எடுக்கிறதத் தவிர வேற வழி இருக்காதும்மா. இன்னொரு தடவ எடுத்து வச்சுத் தைக்கிற அளவுக்கு இவருக்கு நல்ல ரத்தக் குழாய் இல்ல. இது ஒண்ணுதான்."

தமயந்தி முகம் வெளுத்துவிட்டது. நான் அவளைத் தேற்றினேன். எனக்கு ரத்தம் எப்போதும் வேகமாகத்தான் ஓடும். ஒருமுறை ஒடிசாவில் ரத்தம் கொடுக்கப் போய், பாட்டில் இரண்டு நிமிஷத்தில் நிரம்பி, நர்ஸ் பயந்து மூடியைத் தேடி ஓடினாள். இதைச் சொன்னதும் டாக்டர் எழுந்துவிட்டார்.

சர்க்கரை: ஜெசிந்தாவே எழுதிக்கொள்வாளாம்.

ஜூன் 12, வியாழன்

இன்று விசேஷமாக ஒன்றுமில்லை. தமயந்தி நாலு தடவை முகம் கழுவப் போனாள்.

ஜூன் 15, ஞாயிறு

முந்தாநாள் ஆபரேஷன் முடிந்தது. எட்டரை மணி நேரம். இந்த ஆஸ்பத்திரியில் இதுவரை நடந்ததிலேயே இதுதான் நீளமானது என்று நினைக்கிறேன். யாரும் சொல்லவில்லை.

தொடையில் நீளமாக ஒரு தையல். அங்கே நன்றாக வலிக்கிறது. குதிகாலில் ஒன்றும் வலிக்கவில்லை. கால் கட்டுத்துணியில் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். அதன் வழியாக ஜெசிந்தா மணிக்கொரு தரம் பார்க்கிறாள். விரலால் அழுத்துவாள், வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா என்று எண்ணுவாள். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியை வைப்பாள். உஸ், உஸ், உஸ் என்று சத்தம் வரும். என் ரத்தம்தான். வார்டு முழுக்கக் கேட்கும். "இன்ஜின் நல்லா ஓடுதுங்க" என்றார் வையாபுரி.

நல்ல இளஞ்சிவப்பு. பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கிறது என்று தமயந்தி சொன்னாள். என் தொடைத் தோல் இவ்வளவு அழகு என்று எனக்கே தெரியாது.

ஒரே ஒரு கட்டளை. கால் தலையணை மேலேயே இருக்க வேண்டும். பத்து நாளைக்குக் கட்டிலுக்குக் கீழே தொங்கக் கூடாது, ஒரு நிமிஷம்கூட. தொங்கினால் ரத்தம் கீழே இறங்கித் தேங்கிவிடும். டாக்டர் இரண்டு தடவை சொன்னார். ஜெசிந்தா ஒன்பது தடவை. தமயந்தி எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

ஜூன் 16, திங்கள்

சங்ககிரியிலிருந்து முதலாளி செங்கோடன் வந்தார். கூட டிரைவர் குணசீலன். ஹார்லிக்ஸ், ஆப்பிள், பெரிய கைப்பை நிறையச் சாத்துக்குடி. முதலாளியே பஸ் ஏறி வந்து பார்க்கிற டிரைவர் எங்கள் ஆபீஸில் வேறு யாரும் கிடையாது. தமயந்தி துணி துவைத்துக் குளித்துவிட்டு வரப் போயிருந்தாள். நான் கவுகாத்தி போன கதையைச் சொன்னேன். அஸ்ஸாம் காட்டு ரோட்டில் மூன்று யானைகள் குறுக்கே படுத்திருக்க, நான் ஹாரனைத் தாலாட்டு மாதிரி அடித்து அவற்றை எழுப்பி ஓரங்கட்டிய கதை. குணசீலன் விழுந்து விழுந்து சிரித்தான். முதலாளியும் சிரித்தார். நன்றாகவே போயிற்று.

ஜெசிந்தா வேறொரு அவசரத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். அந்தப் பேனாவை வைத்தாள், இடம் மாற்றி வைத்தாள். பிறகு ஓடினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் ஓட்டம்.

ஜூன் 18, புதன்

மயக்க மருந்து இன்னும் முழுசாகத் தெளியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

துண்டு நீலமாகிவிட்டது. திங்கள்கிழமை சாயந்திரமே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்தார்கள். ரத்தம் திரும்பும் குழாயில் கட்டி. எடுத்துவிட்டு மறுபடி தைத்திருக்கிறார்கள். இப்போது சிவப்பு வந்திருக்கிறது. வெளி ஓரம் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. அது பிழைக்குமா என்று நாலு நாள் கழித்துத்தான் தெரியும். இதெல்லாம் தானாக வருவது. யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் டாக்டர் கட்டில் பக்கத்தில் குனிந்து கேட்டார். "கால தொங்கப் போட்டீங்களா?"

"இல்லீங்க."

"எனக்குத் தெரியணும். திட்ட மாட்டேன். எவ்வளவு நேரம் தேங்கி இருந்ததுன்னு தெரிஞ்சாத்தான் உள்ள என்ன எதிர்பார்க்கணும்னு எனக்குத் தெரியும்."

"ஒரு அஞ்சு நிமிசம் இருக்குமுங்க. தண்ணி குடிக்கறதுக்கு."

வையாபுரி இருமினார். இருமல் இல்லை அது.

"ஏனுங்க, கவுகாத்தி போய்ச் சேர்ற வரைக்கும் தொங்குச்சுங்களே" என்றார்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "கவுகாத்தி போக எவ்வளவு நேரம் ஆச்சுங்க?"

"ஒண்ணேகால் மணி நேரமுங்க. நடுவால டீ வேற குடிச்சாங்க. மறைக்கறதுக்குப் போர்வையப் போத்திக்கிட்டாரு."

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த தமயந்தி கதவருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தலையைத் துவட்டக்கூட இல்லை, கட்டிலோடு தியேட்டர் வாசல் வரைக்கும் நடந்து வந்தாள்.

ஜூன் 19, வியாழன்

வையாபுரியோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். காலையில் அவர் பாதி சாத்துக்குடி உரித்து நீட்டினார். "கோவமுங்களா? கோவிச்சுக்குங்க. ஆனாக் காலு உங்களுதுங்களே" என்றார். சர்க்கரைக்காரன் இன்னொரு சர்க்கரைக்காரனுக்குச் சாத்துக்குடி கொடுப்பதைப் பார்த்து ஜெசிந்தா இரண்டு பாதியையும் பிடுங்கிக்கொண்டு போனாள்.

திங்கள்கிழமை பற்றி ஒரு சிறு விவரம் விட்டுப்போயிற்று. முதலாளி சும்மா பார்க்க வரவில்லை. வண்டியைக் குணசீலனுக்குக் கொடுக்கிறதாகச் சொல்ல வந்தார். என்னிடம் இருக்கும் இரண்டாவது சாவியை வாங்கிக்கொண்டு போக வந்தார். நேராகச் சொல்லவில்லை, பெரிய மனுசன். "நீ நல்லா ரெஸ்ட் எடு அத்தியப்பா, வண்டி நின்னாப் பேட்டரி எறங்கிப் போயிருமல்ல" என்றார்.

"எதுக்குங்க ரெஸ்ட்டு? பாருங்க" என்று எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். கால்களைக் கீழே விட்டேன். ஸ்டீரிங் பிடித்துக் காட்டினேன். இடது காலில் கிளட்ச், வலது காலில் ஆக்ஸிலேட்டர். கேபினில் எப்படி உட்காருவேனோ அப்படி. அப்படியே கவுகாத்திக்குக் கிளம்பிவிட்டேன். அவர் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு மலை, இன்னொரு வளைவு. யானை வந்ததே அவர் இரண்டாவது தடவை கடிகாரம் பார்த்த பிறகுதான்.

வலித்திருந்தால் காலைத் தூக்கியிருப்பேன். ஒன்றுமே வலிக்கவில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டேன். அதை எங்கேயாவது எழுதினேனா என்று முன்பக்கங்களைப் பார்த்தேன். எழுதவில்லை.

ஜூன் 21, சனி

ஓரம் பிழைக்கவில்லை. இரண்டு விரல் அகலம். அதை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய தோல் ஒட்டுவார்களாம். நடுத்துண்டு உயிரோடு இருக்கிறது. உஸ் உஸ் சத்தம் கேட்கிறது. இனி நடுத்துண்டு போகாமல் இருந்தால் கால் நிற்கும் என்றார் டாக்டர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொன்றும் கேட்டார்.

"கால் எப்ப இருந்து மரத்துப் போச்சுங்க?"

"ஒரு ஆறு மாசமா இருக்குமுங்க" என்றேன். பரவாயில்லை, அன்றைக்குப் பத்துக்குப் பத்து சொன்னவன் இவ்வளவு இறங்கி வந்தேனே.

இந்த நோட்டு எனக்கும் ஜெசிந்தாவுக்கும் மட்டும். ஜெசிந்தாவும் கடைசிப் பக்கத்தில் சர்க்கரையைக் குறிப்பதோடு சரி, மற்றதைப் படிப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். ஆறு மாதம் இல்லை, இரண்டு வருஷம். முதலில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் போயிற்று. திரும்பிப் பார்த்தால் பத்தடி பின்னால் கிடக்கும். அப்புறம் எறும்பு கடித்தது தெரியவில்லை. ராத்திரி லோடில் கால் எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளப் பழகினேன். யாரும் கவனிக்கவில்லை. யாராவது கவனித்திருந்தால் என்ன கதை சொல்வது என்றும் தயாராக வைத்திருந்தேன்.

டோல்கேட்டில் பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். வண்டி முன்னால் பாய்ந்தது. இன்னும் அழுத்தினேன். இன்னும் பாய்ந்தது. குனிந்து பார்த்தபோதுதான் கால் ஆக்ஸிலேட்டர் மேல் இருப்பது தெரிந்தது. டிரம்முக்குப் பின்னால் துடைப்பத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பச்சைச் சட்டை போட்டிருந்தாள். அவள் பக்கவாட்டில் துள்ளி விலகினாள். வண்டி நின்ற பிறகு யாரும் கைதட்டவில்லை. அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கவே இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

ஜூன் 25, புதன்

ஓரத்தில் தோல் ஒட்டியாயிற்று. நேற்று வையாபுரிக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விரலில் தொடங்கியது மேலே ஏறிவிட்டதாம். அவருக்கு ஃபிளாப் போடும் அளவுக்கு ரத்த ஓட்டம் இல்லையென்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. இத்தனை நாள் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலையில் இருந்து கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் மகன் இட்லி ஊட்டப் போனான், வாயைத் திறக்கவில்லை. நானும் என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்தேன். இது எனக்குப் புதிது.

மத்தியானம் அவராகவே கூப்பிட்டார்.

"டிரைவரே."

"சொல்லுங்க."

"அந்தக் கவுகாத்தி ரோட்ட இன்னொருக்காச் சொல்லுங்க."

"அது அத்தனையும் பொய்யுங்க."

"தெரியுமுங்க. சும்மா சொல்லுங்க. எனக்குப் பொள்ளாச்சி, ஒட்டன்சத்திரம், பழனி தவர வேற எடம் தெரியாது."

சொன்னேன். அன்றைக்கு யானை மூன்று, இன்று ஏழு. குட்டி யானை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தேன், கேபின் ஜன்னலுக்குள் தும்பிக்கையை விட்டு என் வேர்க்கடலையைத் தின்றது. வையாபுரி சிரிக்கவில்லை. ஆனால் குட்டி எவ்வளவு உயரம் என்று கேட்டார். என் நெஞ்சு உயரம் என்றேன். "தேங்கா திங்குமுங்களா?" என்றார். உடைக்காமலே தின்னும் என்றேன். அவர் மகன் அந்த நேரத்தில் ஒரு இட்லியை ஊட்டிவிட்டான்.

என் கால் தலையணை மேலேயே இருந்தது. தமயந்தி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 2, புதன்

இன்று முறைப்படி காலைத் தொங்கவிட்டார்கள். இறுக்கமாகத் துணி சுற்றி, ஜெசிந்தா கையில் கடிகாரத்தோடு. ஐந்து நிமிஷம். கொஞ்சம் கருஞ்சிவப்பானது, தூக்கியதும் தெளிந்தது. "பாஸ்" என்றாள். முதன்முதலாகச் சிரித்தாள். ஒரு பல் கோணல். நாளைக்குப் பத்து நிமிஷம்.

டாக்டர் வந்து மெதுவாகச் சொன்னார். கால் நிலைத்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் அதற்கென்று செய்த பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்கலாம். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது. தினமும் கண்ணாடி வைத்து அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும்.

"வண்டிங்க?" என்றேன்.

"அந்தத் துண்டுக்கு உணர்ச்சி வராதுங்க. மத்த பாதத்துக்கும் போனது திரும்பாது. லாரி ஓட்டக் கூடாது. யாரு மேலயாவது ஏத்திருவீங்க."

"சரிங்க" என்றேன். அவர் போன பிறகு தமயந்தியிடம், எத்தனையோ டாக்டர்கள் எத்தனையோ சொல்வார்கள், ராய்ப்பூரில் ஒரு டிரைவருக்கு இரண்டு காலுமே கிடையாது, கையால் ஓட்டுகிறான் என்று சொன்னேன். அவள் போர்வையை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

தமயந்தி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். வையாபுரியை உடற்பயிற்சிக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். போன் வந்தது. முதலாளி.

"அத்தியப்பா, காலு நல்லாயிருச்சாமே. எடுக்காமக் காப்பாத்திப்போட்டாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு."

"ஆமாங்க."

"குணசீலன் பஸ்ஸு வேலைக்குப் போயிட்டான். வண்டி நாலு நாளா நிக்குது. புதுசா ஒருத்தன நம்பிக் குடுக்க மனசு வரல. உன்னாட்டம் யாரு இருக்கறா? ஒரு மாசம் பொறுத்துக்கறன். வண்டி உனக்குத்தான். என்ன சொல்ற?"

நாளைக்கே வருகிறேன் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அந்த வாய்க்கு அதுதான் பழக்கம். வார்டில் யாரும் இல்லை. டாக்டர் சொன்னது முதலாளிக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் நன்றாக நடப்பேன். நடக்கிறவனை யார் சோதிக்கப் போகிறார்கள்? பூட்ஸைக் கேபினுக்கு வெளியே கழற்றிவிட்டு ஏறினால் முன்பு போலவேதான் இருக்கும்.

"நடப்பேனுங்க. ஓட்ட முடியாதுங்க" என்றேன்.

"ஏன், வலிக்குதா?"

"வலிச்சாப் பரவால்லீங்களே. குனிஞ்சு பாக்காமப் போனா என்ற காலு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

அந்தப் பக்கம் யாரோ டயர் தட்டும் ஓசை கேட்டது.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமாங்க."

"ரெண்டு வருசம்" என்றார். பிறகு, "சரி, ஒடம்பப் பாத்துக்க" என்றார். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. டயர் தட்டும் ஓசை நின்ற பிறகு அவர்தான் வைத்தார்.

தமயந்தி மாத்திரைப் பையோடு வந்தாள். "யாருங்க மாமா போன்ல?"

"மொதலாளி. வண்டிய எடுத்துக்கச் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னுட்டன்."

"ஆமா, நீங்க!" என்று பையைப் பெட்டிமேல் வைத்தாள். "வெளையாடாதீங்க மாமா. எந்தத் தேதிக்கு வர்றதா ஒத்துக்கிட்டீங்க? உண்மையச் சொல்லுங்க."

"உண்மையத்தான் சாமி சொல்றன்."

அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவருக்கே போட்டாள். "அண்ணா, நான் தமயந்தி பேசறனுங்க. மாமா சொன்னத நம்பிப்போடாதீங்க. அவருக்கு அந்தக் கால்ல ஒணர்ச்சியே இல்லீங்க, டாக்டர் ஓட்டவே கூடாதுன்னு..."

நிறுத்தினாள். கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அப்படீங்களா" என்றாள். இன்னும் கேட்டாள். "அவரேவா சொன்னாருங்க? அவரு வாயாலயா?"

போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் கை என் வலது பாதத்தின் மேல் இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு தலையைச் சாய்க்கவில்லை, அவள் எடுக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.